ரெண்டு பாட்டில் தெம்பு

குற்றாலத்தில் சீசன் என்றால் ஊர் உலகமெல்லாம் குளிக்க வரும். நாங்கள் அவர்கள் துவட்டிப் போட்ட துண்டைப் பொறுக்கப் போவோம். நானும் அனுசியாவும் ஒரே லாட்ஜில் வேலை பார்த்தோம். ரூம் காலியானதும் விரிப்பு மாற்றுவது, பாத்ரூம் கழுவுவது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தலையணை உறைகளை ஊறவைத்து அலசுவது. ஆனியும் ஆடியும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. சர்ச்சுக்கு வராததைக் கர்த்தர் மன்னிப்பார், லீவு போட்டால் மேனேஜர் மன்னிக்க மாட்டார் என்று பாஸ்டரிடமே சொல்லியிருக்கிறேன். என் வாய் அப்படி. "ஜாய் வாயில விழுததுக்கு ஐந்தருவியில விழலாம்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

எங்கள் ஊர் செங்கோட்டையைத் தாண்டிப் புளியறைக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அனுசியா எனக்குப் பக்கத்து வீடு. அவள் புருஷன் மகாராஜா காய்கறி லாரி ஓட்டுகிறவன். மலை ஏறி இறங்கிக் கொல்லம், கோட்டயம் என்று போவான், வருவான். அவர்களுக்கு ஒரே பிள்ளை, மஞ்சு. அஞ்சாம் கிளாஸ் படித்தாள்.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மஞ்சு எங்களோடு லாட்ஜுக்கு வந்துவிடுவாள். வேலை ஒன்றும் செய்ய மாட்டாள், வந்தவர்கள் பேசுவதைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்படியே பேசிக் காட்டுவாள். சென்னைக்காரர் மாதிரி மேனேஜரை அதட்டுவாள். மலையாளத்துக்காரி மாதிரி ஒரு துண்டை முந்தானையாகத் தோளில் போட்டுக்கொண்டு, "சேச்சீ, கொறச்சு வெள்ளம் தருமோ?" என்று என்னிடம் கை நீட்டுவாள். மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். நான் செம்பை நீட்டினால் நிஜமாகவே முழுச் செம்பையும் குடித்துவிடுவாள். "ஏட்டி, அருவியில வார வெள்ளம் பூரா உனக்கே பத்தாது போலுக்கே" என்று சொல்லிச் சிரித்தேன். அந்த வருஷம் சாரல் தொடங்கின நேரத்தில் அவள் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டு என்றே எல்லோரும் நினைத்தோம்.

பிறகு பிள்ளை மெலிய ஆரம்பித்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வளர்கிற வயசு, உயரம் போடும்போது சதை வற்றத்தான் செய்யும் என்றார்கள். அனுசியா ஒருநாள் விரிப்புகளை அலசிக்கொண்டே, யாரும் பக்கத்தில் இல்லையா என்று பார்த்துவிட்டு, என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அக்கா, பிள்ள பாயில போயிருதா. தினமும். எந்திரிச்சு ஒளிச்சு வச்சிருதா. வெளியில சொல்லிராதீங்க, இன்னும் ரெண்டு வருசத்துல பெரிய மனுஷி ஆகப்போற பிள்ள."

குளிருக்கு வருகிறது என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். மலையடிவாரத்தில் சாரல் காலம் எல்லாவற்றுக்கும் காரணம் ஆகும். துணி காயவில்லை, சளி பிடித்தது, பிள்ளை பாயை நனைத்தது, எல்லாம் சாரல்தான்.

வயிற்று வலியும் வாந்தியும் வந்த பிறகு, சாப்பிட்டது ஏதோ தொண்டையில் தங்கியிருக்கிறது, தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஊரில் சொன்னார்கள். அனுசியாவும் கூட்டிப் போனாள். தொக்கம் எடுக்கிற அம்மா மஞ்சுவின் வயிற்றைத் தடவி, தொண்டையில் ஊதி, வாயில் விரலை விட்டு ஒரு துண்டு முறுக்கை எடுத்துக் காட்டியிருக்கிறாள். வீடு வரும்வரை மஞ்சு அழுதிருக்கிறாள். "அம்மா, நான் முறுக்கே திங்கலம்மா. எனக்குத் தெரியாம எப்படிம்மா திம்பேன்?" என்று என்னிடமும் வந்து கேட்டாள். அந்தம்மா விரலிடுக்கில் முறுக்கை வைத்துக்கொண்டே இருப்பாள் என்று சொன்னேன். அழுகையோடு சிரித்தாள். அது ஒன்றுதான் நான் அவளுக்கு அந்த மாதம் செய்த நல்ல காரியம்.

அடுத்து சுகாதார நிலையத்துக்குப் போனோம். நானும் போனேன். ஊருக்கு ஊர் சாரல் காய்ச்சல், வாசல்வரை கூட்டம். டாக்டர் சின்னப் பையன். இரண்டு பேர் பார்க்க வேண்டிய இடத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். அவரைக் குறை சொல்லக் கூடாது என்றுதான் பார்க்கிறேன். ஆனால் சொல்லுவேன். மேஜையைச் சுற்றிச் சந்தை மாதிரி ஆட்கள் நின்றார்கள். ஒருத்தர் வியாதியை எல்லோரும் கேட்கலாம். அனுசியாவுக்கு நேர் பின்னால் எங்கள் தெரு உச்சிமாகாளி, காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நின்றாள். அவளிடம் ஒரு விஷயம் போய்விட்டால் மைக் செட்டுக்குக் காசு மிச்சம்.

"என்ன செய்யுது?" டாக்டர் தலை நிமிரவில்லை.

"வயித்து வலி சார். வாந்தி. மெலிஞ்சிட்டே போறா."

"வேற?"

அனுசியா திரும்பிப் பின்னால் பார்த்தாள். மஞ்சு அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று அந்தக் கை சொன்னது எனக்கே தெரிந்தது.

"வேற ஒண்ணுமில்ல சார்."

அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். அனுசியா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "பிள்ளைக்குத் தெம்பே இல்ல சார், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்களேன்" என்றாள்.

"இங்க டாக்டர் நீங்களா, நானா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வாந்திக்கு மாத்திரையும் பூச்சி மாத்திரையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மஞ்சு படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கித்தான் வர வேண்டியிருந்தது.

இரண்டு நாளில் நிலைமை மோசமானது. காலையில் அனுசியா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சாமி டாக்டர் வீட்டுக்குப் புறப்பட்டாள். லாட்ஜுக்குப் போன் போட்டு எனக்கு வயிற்றுப்போக்கு என்று பொய் சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

சாமி டாக்டர் டாக்டர் இல்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயர் முத்துக்குமாரசாமி. புனலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ரொம்பக் காலம் கம்பவுண்டராக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். போர்டு வைக்கவில்லை, சர்டிபிகேட் மாட்டவில்லை. கைராசி இருந்தது. வீட்டு முன்னறையில் ஒரு பெஞ்சு, குறுக்கே ஒரு திரை. ஒருத்தரைப் பார்க்கும்போது மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். நெஞ்சில் வைக்கிற குழாயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் வைப்பார். படுத்த படுக்கையாகக் கிடந்தால் மொபெட்டில் வீட்டுக்கே வருவார். யாரையும் அதட்ட மாட்டார். பேரைச் சொல்லி, தகப்பன் பேரைச் சொல்லி, போன தடவை வந்த காய்ச்சலையும் ஞாபகம் வைத்துக் கேட்பார். அவரிடம் ஒரே ஒரு குறைதான். யார் என்ன கேட்டாலும் முடியாது என்று சொல்ல வராது.

திரைக்குள்ளே அனுசியா எல்லாவற்றையும் சொன்னாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பது, பாயில் போவது, பாவாடை நிற்காதது, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்று கேட்டார். கேட்டவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரிந்தவர் கேட்கவில்லை. எங்கள் தலையெழுத்தே அந்த மேஜைக்கும் இந்தப் பெஞ்சுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

"வாயில ஒரு பழ வாசம் அடிக்கே. கொய்யாப்பழம் தின்னியா மக்கா?"

மஞ்சு தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று. முறுக்குக்கு அழுதவள் கொய்யாப்பழத்துக்கு அழவில்லை. அழத் தெம்பு இல்லை. மூச்சு ஓடிவந்தவள் மாதிரி இழுத்து இழுத்து வந்தது.

வாந்தி நிற்க ஒரு ஊசி போட்டார். பிறகு அனுசியாவைப் பார்த்து, "எனக்கு இது பிடிபடல தாயி. மூச்சு சரியில்ல. தென்காசிக்குக் கொண்டு போயிரு" என்றார். இதை நான் என் காதால் கேட்டேன். யார் எங்கே கேட்டாலும் சொல்லுவேன்.

அனுசியா புருஷனுக்குப் போன் போட்டாள். பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பெஞ்சில் வைத்தாள். மகாராஜா கோட்டயத்தில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். பின்னால் ஆட்கள் மலையாளத்தில் சத்தம் போடுவது கேட்டது.

"தென்காசிக்கா? நீ ஒத்தைல போயி அங்கன என்ன செய்வே? ஒருத்தனும் உங்கிட்ட முகங்கொடுத்துப் பேச மாட்டான். நான் சாயந்திரம் வந்துருதேன், வந்து கூட்டிட்டுப் போவோம். அதுவரைக்கும் அண்ணாச்சிட்ட சொல்லி குளுக்கோஸ் ஏத்து. ஒண்ணு பத்தாது, ரெண்டா ஏத்தச் சொல்லு. பிள்ள தெம்பா இருக்கட்டும்."

அவன் சொன்னதில் தப்பு காண முடியாது. இரண்டு வருஷத்துக்கு முந்தி விஷக்காய்ச்சலில் அவன் நாராகக் கிடந்தபோது சாமி டாக்டர் இரண்டு பாட்டில் ஏற்றினார். மறுநாள் எழுந்து லாரியை எடுத்துக்கொண்டு போனான். அவன் உடம்பு கண்ட சாட்சி அது. எங்கள் ஊரில் குளுக்கோஸ் என்றால் மருந்துகூட இல்லை, தெம்பு. பிரசவத்துக்குப் பிறகு தெம்பு, வயற்காட்டில் மயங்கி விழுந்தால் தெம்பு, திருவிழாவுக்கு முந்தி ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு தீச்சட்டி எடுத்தவர்களும் உண்டு. அது எதனால் ஆனது என்று யாரும் கேட்டதில்லை.

"மக்கா மஞ்சு, அப்பா நேந்திரங்கா சிப்ஸ் வாங்கிட்டு வாரேன் என்னா?" என்றான் போனில்.

மஞ்சு ம் என்றாள்.

அனுசியா சாமி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, அவுக வார வரைக்கும். ரெண்டே ரெண்டு பாட்டில். தெம்பு வந்துட்டா தூக்கிட்டுப் போயிருவேன்." அவர் பிள்ளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்போது முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷன் என் கண்ணுக்குத் தெய்வமாக இருந்திருப்பார். அவர் எழுந்து போய் பாட்டிலை எடுத்து வந்தார்.

ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். முதல் சொட்டு விழுந்ததும் அனுசியாவின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டும். பல நாளாக அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. "இறங்குது பாருங்கக்கா" என்றாள். பிள்ளையின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மஞ்சு தண்ணீர் கேட்டாள், கொடுத்தாள். மறுபடியும் கேட்டாள், மறுபடியும் கொடுத்தாள். முதல் பாட்டில் தீர்ந்ததும் அனுசியாவே எழுந்து, இரண்டாவதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அது பாதி இறங்கும்போது மஞ்சு தண்ணீர் கேட்பதை நிறுத்திவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தோம். சாமி டாக்டர்தான் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். உடனே ஊசியைப் பிடுங்கிவிட்டு வாசலுக்கு ஓடினார். "ஏலே, வண்டி! யாராவது வண்டியக் கொண்டு வாங்கலே!" என்று அவர் கத்தினதை அதற்கு முன்னால் ஊரில் யாரும் கேட்டதில்லை.

வேல்ராஜின் ஆட்டோவில் ஏறினோம். செங்கோட்டை தாண்டியதும் ரோடு முழுக்கக் கார்கள். கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சாரலை வாங்கிக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குப் போகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு என்ன கோபம்? அவர்கள் வந்தால்தான் எனக்கு அடுப்பு எரியும். ஆனாலும் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி ஏசினேன். வேல்ராஜ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அனுசியா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, "இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

தென்காசியில் ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு லேடி டாக்டர் உடனே வந்தார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன மெஷினில் வைத்தார். மெஷினில் எண் எதுவும் வரவில்லை. இங்கிலீஷில் இரண்டே எழுத்து. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். எச், ஐ. 'ஹாய்' என்றல்லவா போட்டிருக்கிறது, பிள்ளை சாகக் கிடக்கிறது, இந்தச் சவம் ஹாய் சொல்கிறதே என்று நினைத்தேன். அளக்க முடியாத அளவுக்குச் சீனி ஏறிப்போனால் அந்த மெஷின் அப்படித்தான் காட்டுமாம்.

"பிள்ளைக்கு சுகர் இருக்காம்மா?"

"சுகரா? அவ சின்னப் பிள்ளல்லாம்மா" என்றாள் அனுசியா.

"சின்னப் பிள்ளைகளுக்கும் வரும்மா. தண்ணி ரொம்பக் குடிச்சாளா? யூரின் அடிக்கடி போனாளா? படுக்கையில போயிருக்காளா?"

கடைசியில் ஒரு டாக்டர் கேட்டுவிட்டார். அனுசியா எல்லோருக்கும் முன்னால், நர்சுகள் நிற்க, அடுத்த கட்டிலில் யார் யாரோ பார்க்க, ஒரே மூச்சில் சொன்னாள். ஆமாம்மா, ஆமாம்மா, தினமும்மா, என்று அழுதுகொண்டே சொன்னாள். டாக்டர் சொல்லச் சொல்ல நர்சுகள் ஓடி ஓடி வேலை பார்த்தார்கள்.

"இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன குடுத்தீங்க?"

"ஒரு ஊசி. பொறவு குளுக்கோஸ், ரெண்டு பாட்டில்."

அந்த டாக்டரின் கை ஒரு நொடி அப்படியே நின்றது. திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அனுசியா அதைப் பார்த்துவிட்டு, போதாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"பத்தலைன்னா இன்னொண்ணு ஏத்துங்கம்மா. அங்கன ஏத்துனது நல்ல கம்பெனி இல்லையோ என்னமோ. நீங்க நல்லதா ஏத்துங்க."

டாக்டர் அவள் தோளில் கை வைத்தார். "அம்மா, குளுக்கோஸ்னா சீனிதாம்மா. சீனித் தண்ணி."

அனுசியா அழுகையை நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தம்மா சொல்வது நிஜமா என்று என்னிடம் கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. எனக்கு என்ன தெரியும்? எனக்கும் அப்போதுதான் தெரியும்.

எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மஞ்சு போய்விட்டாள்.

டாக்டர் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அது மட்டுமே காரணம் இல்லம்மா. வியாதி ரொம்ப முத்திப்போச்சு. முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பெற்றவள் காதில் அந்த 'மட்டுமே' எப்படி விழும்? ரெண்டாவது பாட்டிலைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தவள் அவள்.

பிள்ளையைத் துணியில் சுற்றி வண்டியில் கொண்டு வந்தோம். இலஞ்சி தாண்டுகிற வரை அனுசியா பிள்ளையைச் சுற்றின துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து அடிக்க வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை. திடீரென்று அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா. ரெண்டா ஏத்துன்னு சொன்னது அவுக."

"ஆமா."

"அவுகளுக்குத் தெரியக்கூடாது."

"என்னது?"

"குளுக்கோஸ்னா சீனின்னு."

"ஏட்டி, உனக்கென்ன கோட்டியா? அதை எப்படி மறைப்பே?"

"யாருக்குக்கா தெரியும்? உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? அவுக மலையில லாரி ஓட்டுதவுக. எத்தனை வளைவு இருக்கு. இது தெரிஞ்சுதுன்னா ஒரு வளைவுல ஸ்டியரிங்கைத் திருப்ப மாட்டாக. எனக்கு அவுகளை நல்லாத் தெரியும். உங்க ஏசுசாமி மேல சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணக் கூடாது என்றுதான் ஏசுசாமி சொல்லியிருக்கிறார். இருந்தாலும் பண்ணினேன். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தி கேட்கும்போது அவராக இருந்தாலும் பண்ணியிருப்பார்.

மகாராஜா வந்தபோது வீட்டு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. கையில் சிப்ஸ் பொட்டலம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், பிள்ளையைப் பார்த்த பிறகும் கையில் பிடித்துக்கொண்டே நின்றான். கடைசியில் நான்தான் வாங்கினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், மறுநாள் சாமி டாக்டரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. போலி டாக்டர் போட்ட ஊசியால் சிறுமி பலி என்று பேப்பரில் வந்தது. ஊர் அதையே பிடித்துக்கொண்டது. பிள்ளைக்குச் சுகர் இருந்தது, அதில் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மகாராஜாவுக்கும் சொல்லப்பட்டது. சுகருக்கும் குளுக்கோஸுக்கும் என்ன உறவு என்று அவன் நினைக்கவே இல்லை. எப்படி நினைப்பான்? அது தெம்பு.

விசாரிக்க ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "படிக்காத ஆளுகிட்ட ஏம்மா போறீங்க? கவர்மென்ட் இவ்வளவு வசதி பண்ணியிருக்கே?" எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஐயா, அவர் திரை போட்டிருந்தார். அவர் குழாயைச் சூடாக்கினார். அவர் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீங்கள் கட்டின கட்டிடத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை ரகசியமாகச் சொல்ல ஒரு மூலை கிடையாது. இவ்வளவும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்தால் மற்றதும் சேர்ந்து வந்துவிடும் என்று பயந்து மூடிக்கொண்டேன். ஜாய் ஊமையாகிவிட்டாள் என்று உச்சிமாகாளி அன்றைக்கே ஊரெல்லாம் சொன்னாள்.

மகாராஜாவின் கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. சாமி டாக்டர் ஜாமீனில் வந்த கையோடு புனலூருக்கே போய்விட்டார். மிச்சம் இருந்தது அனுசியா.

"நான் குளுக்கோஸ்தானே ஏத்தச் சொன்னேன்? ஊசி போடச் சொன்னேனாட்டி? ஊசி போட விட்டது யாரு? நீதானே? நீதான் என் பிள்ளையக் கொன்னே."

வாசலில் நின்று, தெருவே கேட்கக் கத்தினான். ஒருநாள் இல்லை, பல நாள். அவள் ஒருதடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. சில நாள், "ஆமா, நான்தான்" என்று மட்டும் சொல்லுவாள். சொந்தக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். தாயா பேயா என்றார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் வாசலுக்கு ஓடிவிட்டேன். "தம்பி, நீ அன்னைக்குப் போன்ல..." என்று ஆரம்பித்ததும் அனுசியா என்னைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். "போன்ல ரொம்ப வருத்தப்பட்டே" என்று எதையோ உளறிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஐப்பசி மழையில் மகாராஜா காய்ச்சலோடு லாரியை விட்டு இறங்கினான். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். அங்கே போக மாட்டேன் என்றுவிட்டான். புளியறை செக்போஸ்ட் பக்கம் லாரிக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு ஆள் இருக்கிறானாம், அவனும் டாக்டருக்குப் படிக்காதவன்தான். ஊசி போட விட்டது யாரு என்று வாசலில் நின்று கத்தினவன், கடைசியில் அங்கேதான் போகச் சொன்னான். எங்கே போனாலும் போ, ஆளை விடு என்று எனக்கு வெறுத்துவிட்டது. ஆனாலும் கூடப் போனேன். அனுசியாவைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

"ஊசி போடாதீங்க. குளுக்கோஸ் மட்டும் ஏத்துங்க. தெம்பு வந்தாப் போதும்" என்றான் மகாராஜா அந்த ஆளிடம்.

புரோட்டாக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. சுவரில் அடித்த ஆணியில் பாட்டிலை மாட்டிவிட்டு அந்த ஆள் டீ குடிக்கப் போய்விட்டான். அனுசியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அந்தப் பாட்டிலைப் பார்க்கக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு சொட்டாக.

பாதி இறங்கினதும் மகாராஜாவுக்கு முகத்தில் கொஞ்சம் களை வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பி, கோபம் இல்லாத குரலில் பேசினான்.

"அனுசியா."

"ம்."

"அந்த ஊசியப் போடாம இதை மட்டும் ஏத்தியிருந்தா பிள்ள பொழச்சிருக்கும், இல்லையா?"

அவள் அவன் மேல் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

"ரெண்டு பத்தாமப் போச்சோன்னும் தோணுது. நான்தான் ரெண்டுன்னு சொல்லிட்டேன். மூணாச் சொல்லியிருக்கணும். மூணு ஏத்தியிருந்தா பொழச்சிருப்பாளோ?"

அவன் கண் ஓரமாகத் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. அனுசியா முந்தானையால் அதைத் துடைத்தாள். அவன் நெற்றியில் கையை வைத்தாள்.

"பொழச்சிருப்பா" என்றாள்.